மலை இறங்கியதும் இடது முன்சக்கரம் கொதிக்கிறது: கேலிப்பரை நாமே பிரித்துச் சீர்செய்யலாமா?

கட்டபெட்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2009 ஆம் ஆண்டில் பதிவான சிறிய கார் ஒன்று உள்ளது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. வாரம் ஒருமுறையேனும் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, மாலைக்குள் திரும்பி ஏறுவது என் வழக்கம்.

சென்ற மாதம் முன்பக்கப் பிரேக் பேடுகள் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டைகள்) தேய்ந்துவிட்டதால், ஒரு பட்டறையில் புதிய பேடுகளைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டாவது பயணத்திலேயே, குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தியபோது, இடது முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுசென்றாலே அனல் அடித்தது. வலது சக்கரத்தில் வழக்கமான சூடு மட்டுமே இருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது. மிதியை விட்ட பிறகும் சமதளத்தில் வண்டி தானாக உருண்டு போவதில்லை.

பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கேலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள் பட்டறையில். ஆனால் சீல் கிட் (அதனுள் இருக்கும் ரப்பர் பாகங்களின் தொகுப்பு) வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டலாம் என்று படித்திருக்கிறேன். வால்வு இடைவெளி சரிசெய்வது, கிளட்ச் கேபிள் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்திருக்கிறேன், பிரேக்கைத் தொட்டதில்லை. இதை வீட்டில் செய்வது தகுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

அருவங்காடு பட்டறை எழுதியது:

ஐயா, நான் முப்பது ஆண்டுகளாக இந்த மலையில் பிரேக் வேலை பார்த்துவருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் சக்கரம் இறுகுவதற்குக் கேலிப்பர் மட்டுமே காரணம் என்று நினைத்து நல்ல கேலிப்பரைத் தூக்கி எறிந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, இடது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டின் மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விட வேண்டாம். பிரேக்கை ஐந்தாறு முறை அழுத்தி மிதித்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது இறுகியிருந்தால், கேலிப்பரின் பிளீடிங் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) ஒரு சிறு குழாயைச் செருகி, நிப்பிளை அரைச் சுற்று திறங்கள். திறந்தவுடன் ஆயில் பீய்ச்சி, சக்கரமும் தளர்ந்துவிட்டால், குற்றம் கேலிப்பரில் இல்லை. மேலேயிருந்து வந்த அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது என்று பொருள். கேலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுவரும் பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி, ஒருவழிக் கதவுபோல வேலை செய்யும்; வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால், பேடைத் தள்ளும் பிஸ்டனோ, கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது.

அதோடு பேடுகளை வெளியே எடுத்து, உள்பேடு, வெளிப்பேடு இரண்டின் கனத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரே பேடின் மேல்முனையும் கீழ்முனையும் வேறுபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மசினகுடி டிரைவர் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். அதற்கிடையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கல்லட்டியின் 36 கொண்டையூசி வளைவுகளிலும் பல ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது இன்றுவரை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே வருகிறோம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 50 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயர்களும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினுக்குக் கொடுப்பதா, பிரேக்குக்குக் கொடுப்பதா என்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வண்டியில் பிரேக்கின் பங்கில் பெரும்பகுதி ஒரே சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சரிசெய்யும் வரை தயவுசெய்து மலை இறங்க வேண்டாம்.

கட்டபெட்டுவாசி எழுதியது:

நேற்று சோதித்தேன். நிப்பிளைத் திறந்ததும் சிறிதளவு ஆயில் கசிந்தது; சக்கரம் தளரவில்லை. எனவே ஹோஸில் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இடது பக்க உள்பேடு 6 மி.மீ., வெளிப்பேடு 9 மி.மீ. போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. வலது பக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளன. இடது கேலிப்பரின் கீழ்ப்பின் விரலால் தள்ளினாலே நகர்கிறது. மேற்பின்னைத் திருகித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதன் முனையிலுள்ள ரப்பர் உறை உப்பிப் பருத்திருந்தது, சுற்றிலும் மஞ்சள் நிறச் சாதாரண கிரீஸ் பூசப்பட்டிருந்தது. பிஸ்டனின் டஸ்ட் பூட் (தூசி புகாமல் மூடும் ரப்பர் உறை) ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது.

எனக்குப் புரியாதது ஒன்றே. பழைய பேடுகள் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. புதிய பேடு போட்டதும் எப்படித் திடீரென்று வந்தது?

அருவங்காடு பட்டறை எழுதியது:

நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே விடை சொல்கிறேன்.

கேலிப்பருக்குள் பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டப்பட்ட ஒரு காடிக்குள் சதுர வெட்டுள்ள ரப்பர் சீல் அமர்ந்திருக்கிறது. அது பிஸ்டனை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் முன்னே நகரும். அதைப் பற்றியுள்ள சீலின் உள்விளிம்பும் கூடவே சாயும். மிதியை விட்டதும் சீல் தன் பழைய வடிவத்துக்கு நிமிரும், நிமிரும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துவரும். பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது அந்த மயிரிழையால்தான். ஆயில் வெளியே கசியாமல் தடுப்பதும், பிஸ்டனைத் திருப்பி இழுப்பதும் ஆகிய இரண்டு வேலைகளையும் அந்த ஒரே ரப்பர் வளையம் செய்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அப்படி வெளியே வந்த பகுதி சீலுக்கும் டஸ்ட் பூட்டுக்கும் நடுவே நிற்கும். பூட் கிழிந்திருந்தால் மழைநீரும் பனிஈரமும் அங்கே புகுந்து, பிஸ்டனின் குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிப் பெய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். துருப்பிடித்த பகுதி சீலுக்கு வெளியே இருக்கும்வரை ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. புதிய பேடு தடிமனானது. அதைப் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே அமுக்கியபோது, துருப்பிடித்த அதே பகுதி சீலுக்குள் போய்விட்டது. இனிச் சீல் பிஸ்டனை இழுக்காது. பிஸ்டன்தான் சீலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிஸ்டன் நேராக அழுத்தும் உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்தது இதனால்தான். மேற்பின் இறுகியதும் இதற்குத் துணைபோயிருக்கிறது.

செய்யலாமா என்று கேட்டீர்கள். செய்யலாம், மூன்று நிபந்தனைகளோடு. பிஸ்டனைத் துடைத்த பிறகு, சீல் உரசும் பரப்பில் விரல்நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால், எமரித் தாளால் தேய்த்து மறுபடி போடக் கூடாது. பிஸ்டனையும் புதிதாக வாங்க வேண்டும். குரோம் போன இடம் மழை வந்தால் மீண்டும் துருப்பிடிக்கும். அடுத்து, இடதுபுறம் மட்டும் செய்துவிட்டு நிறுத்தக் கூடாது. வலதுபுறச் சீலுக்கும் அதே வயதுதான், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்தால்தான் வண்டி நேராக நிற்கும். கடைசியாக, நிப்பிள் திருகும் இடத்திலோ காடியின் விளிம்பிலோ உலோகம் அரித்துப்போயிருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு முழுக் கேலிப்பரையே வாங்குங்கள்.

பந்தலூர்க் குடியிருப்பு எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் இதில் மாறுபடுகிறேன். பிரேக் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. சமவெளியில் ஓட்டுபவர் பரிசோதனை செய்து கற்றுக்கொள்ளலாம்; ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமும் இருக்கும் சாலையில் முதன்முறையாகப் பிரேக்கைப் பிரிப்பது சரியாகப் படவில்லை. புதிய கேலிப்பருக்குக் கொடுக்கும் பணம் பெரிதல்ல.

அருவங்காடு பட்டறை எழுதியது:

உங்கள் அச்சம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய கேலிப்பரை வாங்கினாலும் ஹோஸைக் கழற்ற வேண்டும், ஆயிலில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும், பின்களுக்குச் சரியான கிரீஸ் போட வேண்டும். தவறு நேரக்கூடிய இடங்களில் பெரும்பாலானவை அந்த வேலையிலும் அப்படியே இருக்கின்றன. கிட் போடுவதில் கூடுதலாக இருப்பது சீலும் பிஸ்டனும் மட்டுமே. அந்தப் பகுதியை மேசைமீது வைத்து, நல்ல வெளிச்சத்தில், அவசரமின்றிச் செய்யலாம். வேலை முடிந்ததும், மலை இறங்குவதற்கு முன் என் பட்டறைக்கோ வேறொரு பட்டறைக்கோ வந்து ஒருமுறை காட்டிவிட்டுப் போகட்டும். நானும் அதைத்தான் விரும்புகிறேன்.

கூடலூர் வேதியியல் ஆசிரியை எழுதியது:

மேற்பின்னின் ரப்பர் உறை உப்பியிருந்தது என்று படித்ததும் எழுதத் தோன்றியது. பிரேக்கில் பயன்படும் ரப்பர் பாகங்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகையைச் சேர்ந்தவை. அது ஹைட்ரோகார்பன் சங்கிலிகளால் ஆனது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில் ஆகியவையும் ஹைட்ரோகார்பன்களே. ஒத்த இயல்புள்ளவை ஒன்றுக்குள் ஒன்று புகும் என்ற விதிப்படி அவை அந்த ரப்பருக்குள் ஊடுருவி அதை உப்பச் செய்துவிடும். பிரேக் ஆயில் என்று நாம் அழைப்பது உண்மையில் எண்ணெயே அல்ல. அது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம், அதனால் ஈபிடிஎம் ரப்பரை ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே, கழற்றிய பாகங்களைப் பட்டறை வழக்கப்படி பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம். பிரேக் கிளீனர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அல்லது புதிய பிரேக் ஆயில் போதும். சீலைப் பூட்டும்போது புதிய பிரேக் ஆயிலைத் தடவுங்கள். பின்களுக்கு, பிரேக்குக்கென்றே விற்கப்படும் சிலிக்கான் கிரீஸ் வேண்டும்.

திரவத்தின் மற்றோர் இயல்பும் மலைவாசிகளுக்கு முக்கியமானது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். பிரேக் திரவத்தின் தரவகைகளுள் ஒன்றான டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 ஆகக் குறைகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இங்கே ஈரம் ஏறிய நிலை என்பது 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலை. அவ்வளவு சிறிய அளவு நீருக்கே இவ்வளவு வேறுபாடு. திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால் மிதி தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. வண்டியின் கையேடு டாட் 3 கேட்டிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 மறுபடியும் கிளைக்கால் வகை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

கட்டபெட்டுவாசி எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. என் கையேட்டில் டாட் 3 என்றுதான் இருக்கிறது. டாட் 4 வாங்கிவிட்டேன். இரண்டு பக்கத்துக்கும் சீல் கிட், இடதுபக்கத்துக்குப் புதிய பிஸ்டன், நான்கு காப்பர் வாஷர், சிலிக்கான் கிரீஸ் ஆகியவற்றைக் கோவையிலிருந்து பேருந்தில் கொடுத்தனுப்பச் சொல்லி வாங்கினேன்.

செய்ததை முறையாக எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும். முதல்நாள் மாலையே நிப்பிள்களின் அடியில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவைத்தேன். மறுநாள் ஆறு பக்கமும் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டித் திறந்தேன். சாதாரண வாய் ஸ்பானர் போட்டிருந்தால் நிப்பிளின் தலை மழுங்கியிருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பிஸ்டனைக் காற்றடித்து வெளியே தள்ளுவதா என்று பட்டறை ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் மீது 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) காற்றழுத்தம் செலுத்தினால் ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். அது திடீரென்று விடுபட்டுப் பாயும்போது நடுவில் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே, ஹோஸைக் கழற்றாமல், கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, என் தம்பி பிரேக்கை மெதுவாக மிதிக்க, பிஸ்டனை வெளியே வரவைத்தோம். ஒன்று முழுவதும் வெளியே விழுந்துவிட்டால் மற்றொன்றைத் தள்ள அழுத்தம் இருக்காது. ஆகவே முதல் பிஸ்டன் விழும் தறுவாயில் அதைச் சி கிளாம்பால் நிறுத்திவிட்டு, இரண்டாவதையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் ஹோஸ்களைக் கழற்றி, இரண்டு கேலிப்பர்களையும் மேசைக்குக் கொண்டுபோய், பிஸ்டன்களைக் கையாலேயே இழுத்து எடுத்தோம்.

இடது பிஸ்டனில், வாய்விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பாதிச் சுற்றுக்குத் துருக்குழிகள் வரிசையாக இருந்தன. பட்டறை ஐயா பார்க்காமலே சொன்ன அதே இடம்! வலது பிஸ்டன் கண்ணாடிபோல் இருந்ததால் அதையே துடைத்து மீண்டும் வைத்தேன். சீலை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்தேன், இரும்பு ஊசி காடியைக் கீறிவிடும் என்பதற்காக. காடிக்குள் காய்ந்துபோன பழுப்புநிறப் படிவு இருந்தது. அதை அகற்றுவதற்கே ஒரு மணிநேரத்துக்கும் மேலாயிற்று. பழைய பல்துலக்கும் தூரிகையும் ஆல்கஹாலுமே போதுமானதாக இருந்தன. இந்த இடத்தில் பொறுமை இழக்காதீர்கள். படிவு மிச்சமிருந்தால் புதிய சீல் காடியில் முழுதாக இறங்காமல், பிஸ்டனை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

புதிய சீலைப் பிரேக் ஆயிலில் நனைத்துக் காடியில் விரலால் அமர்த்தி, முறுக்கு விழுந்திருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகு, பிஸ்டனை நேராக வைத்து உள்ளங்கையால் அமுக்கினேன். கோணலாகச் சென்றால் அது உடனே நின்றுவிடும். அப்போது பலத்தைக் கூட்டாமல் வெளியே எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். பிறகு கேலிப்பர்களின் வெளிப்புறத்துக்குத் துரு தடுக்கும் வண்ணமும் அடித்து, காய்ந்தபின் வண்டியில் பூட்டினேன்.

கட்டபெட்டுவாசி எழுதியது:

மேலே எழுதி இரண்டு நாள் ஆயிற்று. இப்போது கவலையில் இருக்கிறேன். சக்கரங்கள் இரண்டும் தாராளமாகச் சுற்றுகின்றன, எங்கும் கசிவில்லை. ஆனால் மிதி பஞ்சுபோல இறங்குகிறது. முக்கால் லிட்டர் ஆயிலைச் செலவழித்து நான்கு முறை காற்று எடுத்துவிட்டேன். டப்பாவில் ஆயில் ஒருபோதும் குறையவில்லை. தம்பி மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, மூடிய பின்னரே மிதியை விடச் சொன்னேன். குழாயில் குமிழே வருவதில்லை. இருந்தும் மிதி கெட்டிப்படவில்லை. வண்டியை வீட்டு வாசலைவிட்டு நகர்த்தவில்லை. மாஸ்டர் சிலிண்டரும் (மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) போய்விட்டதா?

அருவங்காடு பட்டறை எழுதியது:

மாஸ்டர் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பூட்டிய நிலையில் நிப்பிள் கேலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கம் இருக்கிறதா?

கட்டபெட்டுவாசி எழுதியது:

கீழ்ப்பக்கம் இருக்கிறது. இரண்டு சக்கரங்களிலும் ஹோஸ் சேரும் இடத்துக்குக் கீழே இருக்கிறது.

அருவங்காடு பட்டறை எழுதியது:

அப்படியானால் இடது கேலிப்பர் வலப்பக்கத்திலும் வலது கேலிப்பர் இடப்பக்கத்திலும் ஏறியிருக்கின்றன. உங்கள் வண்டி போன்ற பல வண்டிகளில் இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும், மாற்றிப் போட்டாலும் போல்ட்டுகள் தடையின்றி ஏறிவிடும். காற்று எப்போதும் மேலே போய் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் ஆயில் மட்டும்தான் வெளியேறும். மேலே தங்கிய காற்று ஒருநாளும் வராது. குழாயில் குமிழ் தெரியாதது அதனால்தான். கழற்றும்போதே இடது, வலது என்று குறி போட்டுக்கொள்ளச் சொல்ல நான் தவறிவிட்டேன், மன்னியுங்கள்.

மாற்றிப் பூட்டுங்கள். ஹோஸைக் கேலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டில் ஹோஸ் முனையின் இருபுறமும் வரும் காப்பர் வாஷர்களை மட்டும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கியவை மறுமுறை அதே நம்பகத்தோடு அடைக்காது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எங்கும் உரசாததை உறுதிசெய்யுங்கள்.

மசினகுடி டிரைவர் எழுதியது:

வாசலைவிட்டு நகர்த்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து மனம் நிம்மதியடைந்தேன். அந்த மிதியோடு அரவேனு வரை போயிருந்தாலே ஆபத்து.

கட்டபெட்டுவாசி எழுதியது:

பட்டறை ஐயா மன்னிப்புக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நான் போட்டிருந்த சாக்பீஸ் குறியை, வண்ணம் அடிப்பதற்காக நானே துடைத்துவிட்டேன்.

நான்கு வாஷர்கள் வந்துசேர ஒரு நாள் ஆனது. இன்று காலை கேலிப்பர்களை இடம் மாற்றிப் பூட்டினேன். முதல்முறை நிப்பிளைத் திறந்ததுமே குழாயில் நீளமாக ஒரு காற்றுத்துண்டு வந்தது, பிறகு சிறு குமிழ்கள், பிறகு தெளிவான ஆயில். மறுபக்கமும் அப்படியே. பின்சக்கரங்களிலும் கையேடு சொன்ன வரிசையில் பழைய ஆயிலை வெளியேற்றினேன். தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. இப்போது மிதி பாதிக்கும் மேலேயே கெட்டியாக நிற்கிறது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் இறங்கவில்லை.

வெளியே எடுத்த ஆயிலை என்ன செய்வது? எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடை இருக்கிறது.

கூடலூர் வேதியியல் ஆசிரியை எழுதியது:

ஓடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். அது நீரில் முழுமையாகக் கரையும், ஊற்றிய இடத்தோடு நிற்காமல் கீழே தண்ணீர் எடுப்பவர்கள்வரை போகும். மூடியுள்ள கலனில் அடைத்து, பெயர் எழுதி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் வைக்க வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெரும் ஆபத்து. வண்டியின் வண்ணத்தில் தெறித்திருந்தால் துடைக்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கட்டபெட்டுவாசி எழுதியது:

அப்படியே செய்கிறேன் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அருவங்காட்டுக்கு மெதுவாக ஓட்டிச்சென்று காட்டினேன். ஐயா நான்கு சக்கரங்களையும் தூக்கிப் பார்த்து, இடதுபக்க மேற்பின்னின் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) மேலும் சிறிது இறுக்கினார். எமரித்தாளால் பேடுகளின் முகத்தைத் தேய்த்துக் கொடுத்தார், பழைய சூட்டில் அவை பளபளத்துப் போயிருந்தன. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை மெல்லப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிடச் சொன்னார்.

நேற்று இரண்டாம் கியரில் மேட்டுப்பாளையம் இறங்கினேன். குஞ்சப்பனையில் நிறுத்தி, ஐயாவிடம் இரவல் வாங்கிய தொடாமல் அளக்கும் வெப்பமானியை இரண்டு டிஸ்க்குகளின் மீதும் காட்டினேன். இடதுக்கும் வலதுக்கும் ஆறு டிகிரிதான் வேறுபாடு. வாடை இல்லை. கைகளைத் தளர்த்தி மிதித்தாலும் வண்டி நேராகவே நிற்கிறது. அடுத்த வாரம் சக்கரங்களைக் கழற்றி, நிப்பிளிலும் பேஞ்சோ போல்ட்டிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.